நாலு படம், நாலு சிவப்புப் பெருக்கல்

பிப். 7, 2000. திங்கள்

காலையில் குளிர். ஸ்வெட்டர் போட்டுப் போய், மதியத்துக்கு மேல் அதைக் கையில் சுமந்து திரும்பல். செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்கக் கொடுக்கணும்.

தங்கை சுமதிக்கு வரன் தேட இண்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டே ஆகவேண்டும் என்பது அப்பாவின் ரிடையர்மெண்ட் யோசனை. "உலகம் பூரா பாக்கும்" என்று கூடவே வேலை பார்த்த யாரோ சொன்னாராம். செய்தது நான். போசரியில் நான் வேலை பார்க்கும் கியர் பெட்டிக் கம்பெனி ஆபீஸில், டீ நேரத்தில், முதலாளி சாஹேப் இல்லாதபோது. நேற்று ஏற்றிவிட்டு அப்பாவை ஆபீஸுக்கே வரவழைத்துக் காட்டினேன். நாலு படமும் பளிச். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

இன்று சுமதி சைபர் கஃபேயில் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "அக்கா, ஏக் பி போட்டோ வரல. நாலு டப்பா. உள்ள லால் கலர்ல க்ராஸ்."

படம் இருக்கவேண்டிய இடத்தில் நாலு கட்டம், சிவப்புப் பெருக்கல் குறி; எழுத்து மட்டும் வந்ததாம். எழுத்து என்னுடையது, படம் அவளுடையது. உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். எழுதி வைக்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. அவள் கான்வெண்ட், நான் தமிழ்ப் பள்ளிக்கூடம். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் இந்த நோட்டு மேஜை மேலேயே கிடக்கலாம்.

இண்டர்நெட் பக்கத்தில் இருப்பவை (அடைப்புக்குள் என் சேர்க்கை, இந்த நோட்டில் மட்டும்):
- வயது 24, பி.காம்., உயரம், நட்சத்திரம்.
- சமையல் தெரியும். (வெந்நீர் வைப்பாள்.)
- நாலு பாஷை. (நாலிலும் "ஹாங்?" என்பாள்.)
- வீட்டுக்கு ஒரே பெண்.

கடைசி வரி அப்பா சொல்லச் சொல்ல நான் அடித்தது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். இரண்டு கையும் மணிக்கட்டு வரை வெள்ளை. போன வருஷத்திலிருந்து உதட்டோரமும். வெண்திட்டு. எதிர் வீட்டு மராத்திக்காரி "கோட்" என்பாள், குரலைத் தாழ்த்தி. ஒட்டாது, ஒன்றும் செய்யாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அப்பாவின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கும் வரும் என்று ஊரே முடிவு கட்டியிருக்கும்போது சீட்டை யாரிடம் காட்டுவது? எனக்கு 33. எனக்கு வரன் பார்ப்பதை நிறுத்தி ஆறு வருஷம்.

பிப். 8, செவ்வாய்

வெயில் ஆரம்பம். சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் ஒன்பது பேர். பக்கத்தில் உட்கார்ந்த கிழவி என் கையைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பழக்கம்தான். வேண்டுமென்றே கம்பியை அவள் கைக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டாள்.

படங்களை மூன்று தடவை திரும்ப ஏற்றினேன். மோடம் கத்துகிறது. என் கம்ப்யூட்டரில் வருகிறது. சாஹேபின் கம்ப்யூட்டரில் பெருக்கல் குறி.

சுமதி பெயருக்கு ஒரு மெயில். ரகு, கலிபோர்னியா, சாஃப்ட்வேர், அம்மா காட்பாடியில். படம் தெரியவில்லையாம், ஆனால் கூடவே நான் வேடிக்கையாக எழுதி வைத்த அறிமுகத்தைப் படித்துச் சிரித்தானாம். யார் எழுதியது, நீங்களேவா என்று கேட்டிருக்கிறான்.

போனில் அப்பா: "ஆமான்னு எழுது. அவளுக்கு எங்க எழுத வருது. நீயே அவ மாதிரி எழுதிடு."

எழுதினேன். இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுத நினைத்தது மூன்று பக்கம் போய்விட்டது.

பிப். 9, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். எவ்வளவு மடத்தனம்! படம் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் எழுதவேண்டும் அல்லவா. சி டிரைவ், மை டாக்குமெண்ட்ஸ், சுமதி என்று என் கம்ப்யூட்டர் விலாசத்தையே எழுதி வைத்திருக்கிறேன். எவன் திறந்தாலும் அது அவனவன் கம்ப்யூட்டருக்குள் போய் சுமதியைத் தேடுகிறது. கலிபோர்னியாவில் அவன் சி டிரைவில் சுமதி எப்படி இருப்பாள்? என்னுடையதில் இருக்கிறாள். அதனால் எனக்கு மட்டும் தெரிகிறாள்.

விலாசத்தை அழித்துவிட்டுப் படத்தின் பெயரை மட்டும் விட்டால் போதும். நாலு வரி. இரண்டு நிமிஷ வேலை.

செய்யவில்லை.

அவன் பதில் வந்திருந்தது. மூன்று பக்கத்துக்கு ஐந்து பக்கம். எட்டு வருஷமாக லெட்டர் என்று எனக்கு வந்ததெல்லாம் எல்.ஐ.சி. நோட்டீஸ்தான். வியாழக்கிழமை போசரியில் கரண்ட் இருக்காது, எல்லா மெஷினும் நின்றுவிடும், அன்றைக்குத்தான் அந்த ஊரில் காக்கா இருப்பதே தெரியும் என்று நான் எழுதியதை இரண்டு தடவை படித்தானாம். படத்தை மெயிலில் அனுப்பச் சொன்னான். 'அனுப்பினேன், உங்கள் மெயில் பெட்டி நிரம்பித் திரும்பி வந்துவிட்டது' என்று பொய் எழுதினேன்.

பிப். 10, வியாழன்

லீவு. எங்களுக்கு ஞாயிறு வேலை, கரண்ட் இல்லாத வியாழன்தான் விடுமுறை. துணி துவைத்தேன். அம்மா என் துண்டைத் தனிக் கொடியில் போட்டாள், எப்போதும்போல.

சு. (சுமதிக்கு இனி இந்த ஒரு எழுத்து போதும்) பின்னாலேயே சுற்றுகிறாள். போட்டோ ஏன் வரவில்லை, போட்டோ ஏன் வரவில்லை. உன் முகத்தில் பவுடர் அதிகம், ஸ்கேனர் எடுக்கமாட்டேன் என்கிறது என்றேன். சும்மா வாயில் வந்தது. நம்பிவிட்டாள்! பி.காம்.! மதிய வெயிலில் பவுடர் இல்லாமல், வியர்த்து வழிந்துகொண்டு, கேம்ப் ஏரியா ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதிதாக எடுத்துக்கொண்டு வந்தாள். முகம் கறுத்துவிட்டது. இதையும் ஸ்கேனர் எடுக்காது, எண்ணெய் வழிகிறது, சனிக்கிழமை இன்னொரு தடவை போ என்றேன்.

பாவம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம்தான்.

பிப். 13, ஞாயிறு

சாஹேபிடம் பல்வலி என்று சொல்லி அரை நாள் லீவு. நிஜமாகவே பல்வலி.

ரகு இன்று போன் பண்ணுவதாக ஏற்பாடு. இரண்டு நாளாக சு. என் லெட்டர்களை மனப்பாடம் செய்தாள். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. அப்பா போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா சாமி விளக்கை ஏற்றினாள். எனக்கு உள்ளறையில் இருக்க உத்தரவு. நான் கதவோரம் நின்றேன்.

அவன் என்னமோ கேட்டான். சு.: "ஹாங்?"

திரும்பக் கேட்டான்.

"காக்காவா? என்ன காக்கா?"

வியாழக்கிழமைக் காக்கா. படித்ததெல்லாம் போச்சு. கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர். ஒரு சைகை போதும். ஒரு வார்த்தையை வாயசைத்தால் பிடித்துக்கொள்வாள். நான் உள்ளே போய்ப் பல்லுக்குக் கிராம்பு வைத்துக்கொண்டேன்.

அப்பா போனைப் பிடுங்கி, "கொழந்தைக்கு வெக்கம் தம்பி" என்று சமாளித்தார். வைத்த பிறகு அம்மா என்னைப் பார்த்த பார்வை! நான் ஒன்றுமே செய்யவில்லையே.

பிப். 15, செவ்வாய்

ரகு: லெட்டர் சுமதி வேறு ஆள் மாதிரி, போன் சுமதி வேறு ஆள் மாதிரி இருக்கிறாள், எனக்கு லெட்டர் சுமதியைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

இந்த வரியை ஆபீஸ் பாத்ரூமில் போய் நின்று நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்: எனக்கு அவன் வேண்டும்.

கீழே இன்னொரு பத்தி. முகம் பார்க்காமல் அவன் அம்மா மேற்கொண்டு பேசமாட்டாளாம். கோயம்புத்தூரில் ஒரு பெண்ணின் போட்டோ வந்திருக்கிறது. வெள்ளிக்குள் படம் தெரியாவிட்டால் அதையே முடித்துவிடுவாள்.

அப்பாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நீ வேணும்னே பண்ற மாலா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறியா?" என்றார். "உன் வாழ்க்கதான் இப்புடிப் போச்சு. அவளயாவது வாழ உடு."

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிப். 16, புதன்

சரி செய்தேன். நாலு வரி. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

நாலாவது படம் குடும்பப் படம், தீபாவளிக்கு மொட்டை மாடியில் எடுத்தது. என்னிடம் அதில் இரண்டு இருந்தது. ஒன்று முழுசு: அப்பா, அம்மா, சு., ஓரத்தில் பலகாரத் தட்டோடு நான். இன்னொன்று அப்பா சொல்லி நான் வெட்டியது. வெட்டியதில் அம்மாவின் தோள் வரைதான் இருக்கும்.

முழுசைப் போட்டேன்.

ஏன் என்று கேட்டால் இரண்டு காரணம். ஒன்று, கல்யாணம் நின்று போகட்டும். அவள் முகம் அதைக் கேட்டு எப்படி ஆகும் என்று பார்க்கவேண்டும். இன்னொன்று, அவன் என்னைப் பார்க்கட்டும். லெட்டர் எழுதும் கை இதுதான் என்று எப்படியாவது தெரிந்துவிடாதா. முட்டாள்தனம்.

போகிற வழியில் சைபர் கஃபேயில் இறங்கிப் பார்த்தேன். நாலும் வந்துவிட்டது, மேலிருந்து கீழாக மெதுவாகத் திரை இறங்குவதுபோல். நாலாவதில் கடைசியாக வந்தது தட்டு, தட்டின் கீழே என் கை. நன்றாகவே தெரிகிறது. கஃபேக்காரன் பின்னால் வந்து நின்று, "சான் ஆலே" என்றான். நன்றாக வந்திருக்கிறதாம்.

பிப். 17, வியாழன்

லீவு. வெயில். அரிசியில் வண்டு, மாடியில் காயப்போட்டேன்.

பதினோரு மணிக்குக் காட்பாடியிலிருந்து ரகுவின் அம்மா போன், அங்கே கஃபேயில் படம் பார்த்துவிட்டாளாம். அப்பா எழுந்து நின்றே பேசினார். "வந்துட்டுதா? நல்லதும்மா... ஆமாம்மா, எங்க கொழந்ததான்... ஆமா..." சு. கையைப் பிசைந்துகொண்டு சிரித்தாள். பிறகு அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். போன் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"ஓரத்துல தட்டு வெச்சிகினு நிக்கறது யாருன்னு கேக்கறாங்க. கைல வெள்ளையா கீதேன்னு."

நான் கதவோரத்தில் இல்லை இன்று. கூடத்து நடுவில், முறத்தோடு நிற்கிறேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மூஞ்சியைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, வேண்டுமென்றே போட்டேன் என்று. திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராக இருந்தேன்.

அம்மா நிதானமாகச் சொன்னாள்: "வேலக்காரின்னு சொல்லுங்க."

சு. அப்பா கிட்டே போய், ரகசியக் குரலில், எனக்கும் கேட்கும்படி: "பாய்னு சொல்லுங்கப்பா. பர்த்தன் தேய்க்க வர்ற பாய். நேம் கேட்டா சாந்தா பாய்." இங்கே பாத்திரம் தேய்க்க வருகிற பெண்களுக்கெல்லாம் பாய் என்றுதான் பெயர்.

"தீபாவளிக்கு இனாம் வாங்க வந்தவ, நடுவுல நின்னுட்டா" என்று அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

அப்பா அப்படியே சொன்னார். முதல் வார்த்தைதான் திக்கியது. அப்புறம் சரளம். "பாவம்மா, பல வருசமா நம்ம ஊட்டுலதான் கீது. தொரத்த மனசு வர்ல."

போனை வைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டார். கரண்ட் இல்லை.

மாடிக்குப் போய் அரிசியைக் கிளறினேன். மத்தியானம் சு. சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள். எப்போதும் போடுவதுதான். நான்தான் எப்போதும் தேய்ப்பது.

பிப். 18, வெள்ளி

அப்பா என்னோடு போசரிக்கு வந்தார். சிக்ஸ் சீட்டரில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். "செருப்பு தெச்சிட்டியா?" என்று கேட்டார். ம் என்றேன்.

ஆபீஸில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நாலாவது படத்தை எடுத்துவிடவா என்றேன். வேண்டாமாம், பார்த்த படத்தை எடுத்தால் சந்தேகம் வரும். படத்துக்குக் கீழே எழுதச் சொன்னார்.

"அப்பா, அம்மா, நான். தட்டுடன் எங்கள் வீட்டு வேலைக்காரி."

"நான்" என்றால் சுமதி. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார், அங்கேயே, கியர் பெட்டிகளுக்கு நடுவில். அழுதிருந்தால் மறுத்திருப்பேன். கும்பிட்டால் என்ன செய்வது? அடித்தேன். தப்பில்லாமல் அடித்தேன். சாஹேபின் கம்ப்யூட்டரிலும் திறந்து பார்த்தேன். படம் வருகிறது, கீழே எழுத்தும் வருகிறது.

பிப். 20, ஞாயிறு

பல்லைப் பிடுங்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

ரகுவின் பதில். அப்பா காலையிலேயே ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷை ஒரு வரி விடாமல் தமிழில் படித்துக் காட்டினேன். எனக்கென்ன, கேட்கட்டும்.

அன்புள்ள சுமதி. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, எனக்கும். மே மாதம் லீவு கிடைக்கும். நீ போட்டோவில் இருப்பதைவிட அழகாக எழுதுகிறாய். எனக்கு அதிகம் பிடித்தது எது தெரியுமா, கடைசிப் படம். அப்படிப்பட்ட கையை உடைய ஒரு வேலைக்காரியை வீட்டு மனுஷி மாதிரி உங்கள் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறீர்களே, அந்த மனசு எல்லோருக்கும் வராது. உன் லெட்டர்களில் பார்த்த மனசு இதுதான். ஒரே ஒரு விஷயம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கல்யாணத்தில் அந்த அம்மாள் சமையல் பக்கமோ பந்தியிலோ வரவேண்டாம் என்று என் அம்மா சொல்லச் சொன்னாள்.

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரின்னு எழுதிடு" என்றார். நான் அடிக்க ஆரம்பித்தேன். "சும்மா சரின்னு மட்டும் எழுதாதம்மா. நாலு வரி நல்லா எழுது. அவனுக்கு உன் எழுத்து புடிக்குது" என்றார்.

நாலு வரி நன்றாக எழுதினேன்.