கை காட்டாத லெனி

லண்டன்,
நவம்பர் 1970

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சண்டர்லாந்தில் பனி விழுகிறதா?

சனிக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. என் டிரம் தனி ஆவர்த்தனத்தின்போது எங்கள் குழுவின் மற்ற இருவரும் மேடையின் பின்பக்கம் போய் பீர் குடிப்பது வழக்கம். பாடகன் லெனி திரையோரம் கை காட்டினால் முடிப்பேன். அன்று கை தெரியவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. கடைசியில் பார் ஊழியர் மேடைக்கு வந்தார்.

"போதும் தம்பி, நிறுத்து. ரெண்டு பேரும் வாசல்ல சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, ஆளுக்கொரு பக்கமா போயிட்டாங்க."

"வந்துடுவாங்க."

"வேனையே எடுத்துட்டுப் போயிட்டான் உங்க பாடகன். இன்னும் யாருக்குப்பா காத்திருக்க?"

எங்கள் ப்ளூஸ் இசைத்தட்டு நல்ல பெயர் வாங்கியதிலிருந்தே லெனிக்கும் கிதார்காரன் கிளைவுக்கும் ஆகாது. அவ்வளவுதான், குழு கலைந்தது. கவலைப்படாதீர்கள். வேறு குழுக்கள் இருக்கின்றன.

என் கோட்டு வேனோடு போய்விட்டது. அப்பாவின் பழையதை அனுப்புங்கள். மூவர் தங்கிய அறையில் ஒருவன் மட்டும் இருந்தால் குளிர் அதிகம். நீங்கள் வைக்கும் அந்த உருளைக்கிழங்கு சூப்பை எப்படிச் செய்வது, ஒருவருக்கு மட்டும், எழுதுங்கள்.

தபால் எடுக்கும் நேரம், முடிக்கிறேன். உறையில் இனி குழுவின் பெயர் வேண்டாம். என் பெயர் போதும்.

உங்கள்
கோலின்