திங்கட்கிழமை நுரை

அன்புள்ள நானா,

எங்கள் அருவியின் தண்ணீரைக் காப்பாற்றியவள் நான் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள். அது தவறு. கெடுத்தவர்களில் நான் ஒருத்தி, காப்பாற்றியவர் நீங்கள். போன ஞாயிற்றுக்கிழமை அருவிச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை பழைய பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். சந்தனம், வேம்பு, ரோஜா என்று பலவிதச் சவர்க்கார வாசனை ஒன்றாக எழுந்து தும்மல் வந்தது. அருவியில் குளிக்க வருகிறவர்கள் என் வாசலில் சவர்க்காரத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் பாதையில் இறங்கவேண்டும் என்று நான் வைத்த சட்டம் நினைவிருக்கிறதா? இலக்கம் எழுதிய துண்டு கொடுப்பேன். திரும்பும்போது அதைக் காட்டி வாங்கிக்கொள்ளவேண்டும். மறந்துபோனவர்களுடையவை இன்னும் தகரத்தில் கிடக்கின்றன. ஊருக்கெல்லாம் நீங்கள் நானா, அண்ணன்; உங்களுக்கு நான் நோனா, துரைசானி. பல்லேபொலை ஊரில் உங்கள் சரக்குக் கடையைச் சாத்திவிட்டு வரும் வழியில் நின்று சிரிப்பீர்கள்.

"நோனா, கஸ்டம்ஸுல கூட இப்படி பாக்க மாட்டாங்க."

அவ்வளவு காவல் இருந்தும் அருவி விழும் குளத்தின் ஓரத்தில் வெள்ளை நுரை ஒதுங்கியது. மீன்குஞ்சுகள் குறைந்தன. கீழ்வீடுகள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். நான் பயணிகளைத் திட்டினேன். மூன்று மொழியிலும் பலகை மாட்டினேன். கடைசியில், பாதை என் காணிக்குள் இருப்பதால், அதையே மூடிவிடுவேன் என்றேன். அங்கே இலைக்கஞ்சி விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு இரக்கம் வரவில்லை. நீங்கள்தான் பேசினீர்கள்.

"மூடுறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். திங்கக்கிழம யாரும் வாறதில்ல. நுரை மட்டும் தவறாம வருது. அதென்னா நோனா?"

திங்கட்கிழமை நான் துணி துவைக்கும் நாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த திங்கள் காலை என் கொல்லைப்புறத்துக்கு வந்தீர்கள். கையில் உங்கள் கடை மஞ்சள்தூள் பை. நான் வாளியைச் சாய்த்ததும், ஓடிய சவர்க்காரத் தண்ணீரில் அதைக் கொட்டினீர்கள்.

"நல்ல மஞ்சள வீணாக்குறீங்களே நானா."

"கறிக்குப் போடுறதுதானே, மீனுக்கு ஒண்ணும் ஆகாது. வாங்க, கீழ போவோம்."

சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். கறி சிந்திய மேசைவிரிப்பைத் துவைத்த எவருக்கும் அது தெரியும். நாம் குளத்துக்கு இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றோம். என் வேலிக்குக் கீழேயுள்ள பாறை இடுக்கிலிருந்து சிவந்த நுரை மெல்ல மிதந்து வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தீர்கள். அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

மறுநாள் மண்வெட்டியோடு வந்து என் வாய்க்காலின் முடிவில் குழி வெட்டினீர்கள். சரளைக்கல்லும் கரியும் போட்டு, சுற்றிலும் கல்வாழை நட்டீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டத்தில் எழுந்து, "நோனா நல்ல யோசனை ஒண்ணு சொன்னாங்க. எல்லா வீட்டுலயும் துவைக்கிற தண்ணிக்கு ஒரு குழி வெட்டணுமாம்," என்றீர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல் என்னை வருடக்கணக்காக உறுத்தியது. கன்னியர் மடத்துப் பள்ளியில் குற்றத்தை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்போம். அத்துடன் மனம் லேசாகிவிடும். உங்களிடம் அப்படி எழுதித் தர நினைத்து நாளைக் கடத்தினேன். நீங்கள் காத்திருக்கவில்லை, அதற்குள் இறந்துபோனீர்கள்.

இப்போது குளம் தெளிந்துவிட்டது, மீன் திரும்பிவிட்டது என்று பாதை முகப்பில் என் பெயரைப் பொறித்த கல் வைக்கத் தீர்மானித்தார்கள். நான் எழுந்து, மஞ்சள் பை முதல் தலையாட்டல் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். பிறகு சங்கத்தின் செயலாளர், கஞ்சி விற்கும் அந்தப் பெண்களில் ஒருத்தி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்களுக்கு அன்னைக்கே தெரியுங்கம்மா. செவப்பு நுரை வந்தப்ப கீழ நான்தானே புள்ளைய குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். புள்ள காலெல்லாம் மஞ்ச."

பக்கத்திலிருந்தவள், "எங்க வீட்டுத் தண்ணியும்தான் போச்சு. உங்க கொல்லையிலயே குழி வெட்டுனதுக்கப்புறம் நாங்க சும்மா இருக்க முடியுமா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு ஏறி வந்தபோது முழங்கால் வலி தெரியவில்லை.

கல் வேண்டாம் என்றாகிவிட்டது. பயணிகளை முதலில் என் கொல்லைக்கு அழைத்துவந்து, கல்வாழையைக் காட்டி, இந்தக் கதையைச் சொல்கிறார்கள். உங்கள் பெயரைச் சரியாகச் சொல்கிறார்களா என்று யன்னலருகே நின்று கேட்கிறேன். பிழைவிட்டால் வெளியே போய்த் திருத்துகிறேன். குளிக்க வருகிறவர்களின் சவர்க்காரத்தை வாசலில் வாங்கி வைப்பதை நான் விடவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும், நானா. அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது அன்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.