கண் நரம்பின் ஓரத்து இரத்தம்

அண்ணை, இன்று காலை என் கண்ணில் முதல் துளி மருந்தை விட்டேன். உங்களுக்கு வந்த அதே கண்ணழுத்த வருத்தம்தான். கொஞ்ச நேரத்தில் மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கைத்தது. போத்தலைச் சுவரில் ஓங்கி எறிந்தேன். பிறகு குனிந்து பொறுக்கினேன். நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகியும் உங்கள் மேலுள்ள கோபம் எனக்கு ஆறவில்லை.

நான் உங்களை அடித்த அந்த வருடம், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறைக்காகச் சண்டை பிடித்து, நாங்கள் மூன்று மாதமாக முகம் பார்க்கவில்லை. கந்தசட்டி விரதம் முடித்துச் சோறு சாப்பிடும் பாறணை அன்று காலையில், நீங்கள் சாப்பாட்டுக் கேரியரோடு என் வளவுக்குள் வந்தீர்கள். வந்தவர் என் புகையிலை நாற்று மேடையை மிதித்துக்கொண்டே நடந்தீர்கள். வேண்டுமென்றுதான் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். ஓடிவந்து, உங்கள் வலப்பக்கமாக நின்று கன்னத்தில் குத்தினேன். நீங்கள் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அதைத் திமிர் என்று எடுத்து இன்னும் இரண்டு குத்தினேன். மூக்கால் இரத்தம் வடிய நாற்றுக்கு மேலேயே விழுந்தீர்கள். உங்கள் மனிசி மச்சாள் வந்து என்னைப் பிடித்துத் தள்ளியிராவிட்டால் நிறுத்தியிருக்கமாட்டேன்.

அடுத்த கிழமை உங்களுக்குக் கண் கிளினிக். அடித்தவனே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று மச்சாள் சொல்லிவிட்டார். எங்கள் அனலைதீவிலிருந்து வள்ளத்தில் ஊர்காவற்றுறை, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம். கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்த டொக்டர், வலது கண் நரம்பின் ஓரத்தில் கீறல் போல இரத்தம் கசிந்திருக்கிறது என்றார். நான்தான் அடித்துக் கண்ணைக் கெடுத்தேன் என்று கதிரையில் இருந்தபடியே சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் டொக்டர் என்னைத் திட்டவில்லை. அடியென்றால் கண்ணில் வேறு காயங்களும் தெரியும், ஒன்றையும் காணவில்லை என்றார். இந்த வருத்தத்தில் நரம்பு மெலிந்து இழுபடும்போது அதை ஒட்டிய மெல்லிய இரத்தக்குழாய் தானாகவே கிழியலாம். கண்ணழுத்தம் ஏறினாலும் வரலாம், நரம்புக்கு இரத்த ஓட்டம் குறைந்தாலும் வரலாம். நெஞ்சு வருத்தத்துக்கு நீங்கள் எடுக்கும் அஸ்பிரினுக்கும் ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. இன்னதுதான் காரணம் என்று ஒன்றைப் பிடித்துச் சொல்ல முடியாது என்றார். ஓரப் பார்வை ஏற்கனவே நிறையப் போய்விட்டது என்றும் சொன்னார். அதை நான் காதில் வாங்கவில்லை.

"மருந்து ஒழுங்கா விடுறனீங்களோ ஐயா?"

நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள். "கௌரிக்காப்பு விரதம் இருபத்தொரு நாளும், பிறகு கந்தசட்டி ஆறு நாளும் விடேல்லை. தொண்டைக்குள்ளை இறங்குது பிள்ளை. விரதம் முறிஞ்சிடும்."

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்து நின்றபோது எனக்குப் பற்றி எரிந்தது. உங்கள் கண்ணை நான் குருடாக்கிவிட்டேன் என்று உயிர் போய் வந்தது எனக்கு. நீங்களோ மருந்தை அலுமாரிக்குள் பூட்டிவைத்துவிட்டு விரதம் பிடித்திருக்கிறீர்கள். எந்தச் சாமி உங்களிடம் கண்ணைக் கேட்டது? வாய் திறக்க முதல் கை எழும்பிவிட்டது. பழையபடி உங்கள் வலப்பக்கம் நின்று, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முட்டியைப் பொத்தி ஓங்கினேன்.

நீங்கள் கண் இமைக்கவில்லை. நேரே கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டீர்கள்: "தம்பி, வள்ளம் வருகுதோ?"

உங்களுக்கு என் கை தெரியவில்லை. நாற்று மேடையும் தெரிந்திருக்காது, முதற்குத்தும் தெரிந்திருக்காது. மூன்று மாதப் பகையை விட்டுவிட்டுச் சோறு கொண்டுவந்த மனிசனை அல்லவா நான் அடித்து விழுத்தினேன்.

"ஓம் அண்ணை, வருகுது" என்று உங்கள் தோளைப் பிடித்தேன். இரண்டாந்தரம் கை ஓங்கியதை நீங்கள் சாகும்வரை அறியவில்லை. எனக்குச் சொல்லத் துணிவு வரவில்லை. இப்போது சொல்கிறேன் அண்ணை.