நான்காவது கிணறு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

நலம். அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா? கிணற்று நீரில் உப்பு ஏறுவது பற்றிய என் கட்டுரையை நேற்று ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். அக்டோபருக்குள் ஏற்கப்பட்டால்தான் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூட்டையைக் கட்டு என்று துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆறு வருஷ உழைப்பு அண்ணா!

உங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னீர்கள். ஒரு கிணற்றையாவது எட்டிப் பார்த்தீர்களா? வாளி தூக்கியவள் நான். வருத்தப்படாதீர்கள், சேர்க்கவில்லை.

உங்கள் தங்கை

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

அண்ணி நலம். உனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். நாலு மாதமாகப் பதில் இல்லை என்று புலம்புகிறாயாம். கட்டுரையைப் படித்துத் தரம் பார்க்கும் மதிப்பீட்டாளர்கள் என்ன வேலைவெட்டி இல்லாதவர்களா? என் மேஜையிலேயே எட்டுக் கட்டுரைகள் காத்துக் கிடக்கின்றன. எழுதியவர் பெயரை மறைத்துத்தான் எங்களுக்கு அனுப்புவார்கள். தரம் மட்டும்தான் அங்கே பேசும். என் பெயர் இருந்திருந்தால் இந்நேரம் அச்சேறியிருக்கும். போகட்டும்.

ஆசிகளுடன்,
அண்ணன்

அக்டோபர் 9

மதிப்பிற்குரிய மதிப்பீட்டாளர் அவர்களுக்கு,

உங்கள் அறிக்கை வந்தது. ‘பிரசுரத்துக்குத் தகுதியற்றது.’ இதைச் சொல்ல எட்டு மாதம்! நான் படிக்கத் தவறியதாக ஐந்து கட்டுரைகளைப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். ஐந்தும் என் அண்ணன் எழுதியவை. அடேயப்பா, அவருக்கு இப்படியொரு ரசிகரா என்று முதலில் சிரித்தேன்.

அப்புறம்தான் கடைசி வரியைப் பார்த்தேன். ‘நான்காவது கிணற்றை ஏன் மறைத்தார்கள்?’ கட்டுரையில் இருப்பதே மூன்று கிணறுகள். நான்காவதில் மண் சரிந்து, நீர் எடுக்க முடியாமல் நான் திரும்பியதை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மட்டும்தான் சொன்னேன். “அதையெல்லாம் எழுதாத, விட்டுடு” என்று யோசனை சொன்னவரும் அவர்தான்.

வேலை போய்விட்டது. நேற்று அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து அழுதேன். உங்களை நினைத்தபோது அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. பதவி பெரிசு, புத்தி எவ்வளவு சின்னது! திருடன்கூடத் தன் வீட்டில் கை வைக்க மாட்டான்.

காலையில் அண்ணி போன் செய்தார். “உன் வேலை போச்சேன்னு உங்க அண்ணனுக்குச் சோறே இறங்கலம்மா. நீ ஒரு வார்த்தை பேசேன்.”

பேசுவதற்குப் பதில், உங்கள் அறிக்கையின் நகலை அண்ணிக்கே தபாலில் போட்டிருக்கிறேன், கடைசி வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டு. அன்று அந்த மேஜையில் பரிமாறியவர் அவர்தான்.

இப்படிக்கு,
கட்டுரையாளர்