அப்பா போட்ட கையெழுத்து

ரிங்லெட்,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் எட்ரியனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் இருக்கிறோம், நீயும் பெர்த்தில் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் தங்கச்சி நடாலிக்கு கம்போங் ராஜாவில் வேலை கிடைத்திருக்கிறது, அதைக்கூட சந்தோஷமாக எழுத மனசு வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

புதன்கிழமை அப்பாவை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவருடைய புரோஸ்டேட் புற்றுநோய் பரவும் ஆபத்து அதிகம் என்பதால், ஆண் ஹார்மோனை அடக்க ஊசியோடு இரண்டு வகை மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் அவர் சேர்ந்தது உனக்குத் தெரியும். நர்ஸ் திலகம் டப்பாவைத் திறந்து எண்ணினால் ஒன்பது நாள் மாத்திரை அப்படியே கிடக்கிறது. அங்கிள், மறந்துட்டீங்களா, வேணாம்னு விட்டுட்டீங்களா, உண்மைய சொல்லுங்க லா என்று கேட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, மவன்தான் வேணாமுன்னான், என்னைய சோதனை எலியா வெச்சிருக்காங்களாம் என்றார். போனில் நாற்பது நிமிஷம் அவரிடம் பேசினாயே, அதில் ஒரு நிமிஷம் என்னிடம் கேட்டாயா, டாக்டரிடம் கேட்டாயா? ஆராய்ச்சியில் கூடுதல் மாத்திரை கிடைக்காதவர்களுக்கும் வழக்கமான ஊசி உண்டு, யாரையும் மருந்தில்லாமல் விடவில்லை என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மூன்று தரம் வாசித்தேன். ஊசி போட்டதிலிருந்து இந்த மலைக் குளிரிலும் உடம்பு கொதிக்கிறது என்று ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறவர், மார்பு வீங்கியதை என்னிடம் காட்டவே வெட்கப்பட்டவர், அத்தனையும் பொறுத்துக்கொண்ட மனுஷனை நீ ஒரே போனில் உடைத்துவிட்டாய்.

டாக்டர் திட்டவில்லை. விலகணும்னா இன்னைக்கே விலகலாம், ஊசி நிக்காது, ஆனா எங்ககிட்ட மறைக்காதீங்க என்றார். அப்பா சொன்னார், தோட்டத்துல முப்பது வருஷம் பூச்சிமருந்து அடிச்சேன், ஒனக்கு சம்மதமான்னு ஒரு துரையும் கேக்கல, இவங்க கேட்டாங்க, நான் கையெழுத்துப் போட்டேன், சாப்பிடுறேன் என்று. ரத்தமும் பிரஷரும் பார்த்து மறுபடி தொடங்கச் சொன்னார்கள். குணமாகும் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை, அது தெரியத்தானே ஆராய்ச்சி. இப்போது காலையில் அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

பயத்துல சொல்லிட்டான், விடு என்று உனக்காகப் பரிந்து பேசுகிறார். எனக்கு ஆறவில்லை. பயமென்றால் என்னிடம் வந்து கொட்டு, நோயாளியிடம் கொட்டாதே.

மருமகளையும் பிள்ளைகளையும் கர்த்தர் கண்ணின் மணிபோல் காக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த மாதம் ஏழாம் தேதி மறுபடி ஈப்போ, மறக்காதே. வந்து அப்பா பக்கத்தில் உட்கார். வர முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணு.

கோபம் தீராத உன் அம்மா,
அற்புதம்மாள்