கருக்களாச்சேரி மாடியிலிருந்து ஓரியன்

கருக்களாச்சேரி,
பிப்ரவரி 12

அன்பு மகள் பெனிட்டாவுக்கு அப்பாவின் ஆசீர்.

மாதா தயவில் சுகமாக இருக்கிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நானும் சரி சரி என்று சொல்லித் தொலைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். அம்மா போய் நாலு மாதம் ஆகிறது, அப்பா தனியாகக் கிடக்கிறார் என்று பிரான்ஸ் போய் துலூஸில் படிக்கும் படிப்பை விட்டுவிட்டு வரப்போகிறாயாம். வேண்டாம்.

பொங்கல் முடிந்ததும் உன் டெலஸ்கோப்பை மாடியில் ஏற்றினேன். போன வருஷம் நாம் இருவரும் கோட்டைவிட்ட ஓரியன் நெபுலாவை, அந்த ஒளிமேகத்தை, இந்தத் தடவை படம் பிடித்தே தீருவது என்று முடிவு. முதல் எதிரி தெருவிளக்கு. முப்பது வருஷம் லைன்மேனாக இருந்து இந்தத் தெருவுக்கு விளக்குப் போட்டவன் நானே, யாரைத் திட்டுவது? பழைய ஆபீஸில் கெஞ்சி, பெயிண்ட் டப்பாவை வெட்டி விளக்குக்கு மறைப்பு மாட்ட வைத்தேன். எதிர்வீட்டு வடிவாம்பாள் சண்டைக்கு வந்துவிட்டாள். விடியக்காலை மூணு மணிக்கு மீன் எடுக்கப் போறவ இருட்டுல எப்படிங்க நடக்குறது என்றாள். நியாயம்தான். மாடிப்பக்கம் மட்டும் மறைத்துக்கொண்டோம். இப்போது அவள் வீட்டு மீன்குழம்பு வாரம் இரண்டு நாள் வருகிறது.

ஒரு தப்பு செய்துவிட்டேன், கோபிக்காதே. கடற்காற்றில் லென்ஸில் உப்புப் படிந்திருந்தது. கரண்ட் கம்பத்துப் பீங்கானில் உப்புத் துடைத்தே பழகிய கை, ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துவிட்டது. விரல் நீளத்துக்குக் கீறல். அம்மா உனக்கு ஆசையாக வாங்கித் தந்த பொருள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனாலும் விடவில்லை. டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டி, அரை நிமிஷம் திறந்துவைத்த படமாக இருநூற்றைம்பது எடுத்து, நீ சொல்லிக்கொடுத்தபடி லேப்டாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தேன். நடுவில் வெளுத்து, ஓரமெல்லாம் சிவந்து விரிந்து வந்திருக்கிறது. கீறல் படத்தில் எங்கும் தெரியவில்லை. அது எப்படி என்று படித்தவள் நீதான் சொல்ல வேண்டும்.

படம் வந்த சந்தோஷத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, மேரி மேரி என்று அம்மாவைக் கூப்பிட்டபடி இறங்கினேன். பாதிப் படியில்தான் நினைவு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு மேலே போய், அடுத்த படத்துக்குக் கேமராவைத் திருப்பினேன். சிம்ம ராசிப் பக்கம் மூன்று கேலக்ஸிகள் சேர்ந்தாற்போல் இருக்கிறதாமே, ஏப்ரலுக்குள் அதையும் பிடித்துவிடுவேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு, மகளே. நீ வந்து நின்றால், திரும்பிப் போ என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அதனால்தான் இப்போதே சொல்கிறேன். நன்றாகப் படி. குளிரில் காதை மூடிக்கொள்.

அம்மாவின் ஆசீரும் சேர்த்து,
உன் அப்பா
மரியசூசை