கடையை மூட வேண்டாம் என்ற தங்கச்சிக்கு

தங்கச்சி,

இன்று காலை கடலை தாளிக்கும்போது செத்தல் மிளகாய் சற்றுக் கருகிவிட்டது. நெடி கடை முழுக்கப் பரவ, இருமிக்கொண்டே உன்னை நினைத்தேன். நீ இருந்திருந்தால், "என்னண்ணே, புள்ளைங்கள தும்ம வைக்கவா பாக்குறீங்க?" என்று கேட்டிருப்பாய்.

நம் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாசலில் என் கடை. அப்போதெல்லாம் காரப் பாக்கெட்டுகள் கலர் கலராக முன்னால் தொங்கும். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதுண்டு; ஒருநாள் உன் மகள் விழுந்தாள். டீச்சர் அவளைத் தூக்கிவந்து என் கடை வாங்குப் பலகையில் கிடத்தினார். சேதி கேட்டு, மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடே ஓடிவந்தாய்.

"காலையில என்னடி சாப்பிட்ட?"

"வெறும் தேயிலச் சாயத்தண்ணி. அப்புறம் ஒரு பாக்கெட்டு."

விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய்ப் பெயர் கொடுத்தால்தான் உனக்கு வேலை. அதனால் பணிஸ் வாங்கிச் சாப்பிடச் சொல்லி அவள் கையில் காசு கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். அவள் வாங்கியது பாக்கெட்டை. நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"அண்ணே, ஒங்க மேல கோவமில்ல. கடையில என்ன தொங்குதோ அதத்தானே புள்ள கேக்கும்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "யாவாரம் பண்றவன் வேற என்ன செய்றது?" என்று கத்தினேன்.

மறுநாள் பெரட்டுக்கு முன்பே ஒரு சட்டி அவித்த கொண்டைக்கடலையைக் கொண்டுவந்து வைத்தாய். "வித்துப் பாருங்கண்ணே." பிள்ளைகள் தொட்டும் பார்க்கவில்லை. எனக்கு அதில் உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். நீ விடவில்லை. தேங்காய்ச் சொட்டும் மிளகாயும் போட்டுத் தாளித்துக் கொண்டுவந்தாய். மூன்றாம் நாள் இடைவேளை முடியுமுன்னே சட்டி காலி.

ஆனாலும் பாக்கெட்டுகளை நான் இறக்கவில்லை. விஷயம் பெற்றோர் கூட்டம் வரை போனது. கடையை மூடிவிடலாம் என்றார் பள்ளி அதிபர். நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். நீ எழுந்தாய். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

"கடைய மூட வேணாம் சார். அண்ணனுக்கும் புள்ளகுட்டி இருக்கு. சாமானத்த மாத்தச் சொல்லுங்க. தப்பு அவர் ஒருத்தரோடதா? லயத்துக்குப் பின்னால வெளயிற கரட்ட பூரா லொறிக்கு ஏத்துறோம். நம்ம புள்ளைங்க அதுல ஒண்ணு கடிச்சிருக்கா?"

அன்று மாலையே பாக்கெட்டுகளைக் கழற்றினேன். அடுத்த வாரம் லயத்து வீடுகளிலிருந்து கரட், கீரை, முட்டை என்று வரத் தொடங்கியது. ஆரம்பத்தில் கடை தள்ளாடத்தான் செய்தது. நீயும் மற்றத் தாய்மாரும் பிள்ளைகளை என்னிடமே அனுப்பிக் கடையைத் தூக்கி நிறுத்தினீர்கள். காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுவதும் மெல்லக் குறைந்தது.

போன வருஷம் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னைக்கு என்னண்ணே போட்டீங்க?" என்றாய்.

"பாசிப்பயறு."

"மிஞ்சுச்சா?"

"ஒரு மணி மிஞ்சல."

சிரித்தாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

உன் மகள் இப்போது பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்குத் தலைவி. அவள் பந்தோடு பாயும்போது மைதானத்து ஓரத்தில் நின்று கத்துகிறவர்களில் நானும் ஒருவன்.

போன வாரம் டயகமப் பக்கத்துப் பள்ளி அதிபர் ஒருவர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். தன் பள்ளியிலும் இப்படி ஒரு கடை வைக்க விரும்பி, எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது கேட்டார்:

"நல்ல வேலை செய்திருக்கிறியள். இது ஆரின்ரை யோசனை?"

"என் தங்கச்சியோடது சார்."

"சொந்தத் தங்கச்சியோ?"

"ஆமாங்க சார்" என்றேன்.